திரும்ப முடிகிற முடிவும் திரும்ப முடியாத முடிவும்: என் மார்பகப் புற்றுநோய் சிகிச்சைக் கணக்கு

என் பயாப்ஸி அறிக்கையில் இருந்தது இதுதான்: இடது மார்பில் 1.8 செ.மீ. கட்டி, கிரேடு 2 (நடுத்தர வேகத்தில் வளரும் வகை), ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டார் பாசிட்டிவ் (ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனால் வளரும் வகை), ஹெர்2 நெகட்டிவ் (செல் வளர்ச்சியைத் தூண்டும் ஹெர்2 புரதம் அதிகம் இல்லை). அப்போது எனக்கு வயது 53. மாதவிடாய் நின்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடக் காரணம் உண்டு. இவற்றில் ஒரு விவரம் மாறினாலும் கீழே எழுதியிருப்பதில் பாதி உங்களுக்குப் பொருந்தாது. ஹெர்2 பாசிட்டிவ் என்றால் ட்ராஸ்டுசுமாப் மருந்து பேச்சுக்கு வரும். வழக்கமாக ஒரு வருடம் போகும், இடையிடையே எக்கோ எடுத்து இதயத்தைப் பார்த்துக்கொள்வார்கள். ட்ரிபிள் நெகட்டிவ் (ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன், ஹெர்2 மூன்றுமே நெகட்டிவ்) என்றால் ஈஸ்ட்ரோஜனை அடக்கும் ஹார்மோன் மாத்திரைக்கு அங்கே வேலையே இல்லை. யாரோ ஒரு உறவுக்காரப் பெண் என்ன சிகிச்சை எடுத்தார், எப்படி ஆனார் என்று கேட்டுப் பயப்படுவதற்கோ தெம்படைவதற்கோ முன்னால், அவருடைய அறிக்கையில் இந்த வரிகள் என்ன சொல்லின என்று கேளுங்கள். சொல்பவருக்குப் பெரும்பாலும் அது தெரிந்திருக்காது.

வீட்டில் எல்லாருக்கும் அவசரம். "நாளைக்கே அட்மிட் ஆயிடலாம்" என்றார் கணவர். அறுவை மருத்துவர்தான் நிதானப்படுத்தினார். "இது நேத்து முளைச்ச கட்டி இல்லீங்க. பல வருஷமா மெதுவா வளர்ந்திருக்கும். ரெண்டு மூணு வாரம் எடுத்து யோசிங்க, ஒண்ணும் கெட்டுப்போகாது. மாசக்கணக்குல மட்டும் தள்ளாதீங்க." அந்த இரண்டு மூன்று வாரம் எனக்குப் பெரிய உதவியாக இருந்தது. வேறொரு மருத்துவமனையில் இரண்டாவது கருத்து கேட்டேன். அதற்குப் போகிறவர்கள் அறிக்கைத் தாளை மட்டும் கொண்டுபோகாதீர்கள். பயாப்ஸி ஸ்லைடுகளையும் திசு பதித்த மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்கிப் போங்கள். அவர்களுடைய பேத்தாலஜிஸ்ட் மறுபடி பார்த்தால்தான் அது உண்மையான இரண்டாவது கருத்து.

நான் கணக்கு எழுதிப் பிழைப்பவள். ஒரு முடிவு என்று சொன்னால் அதை இரண்டாகப் பிரிக்காமல் எனக்குத் தூக்கம் வராது. ஒவ்வொரு சிகிச்சையையும் இரண்டு கேள்விகளால் பிரித்தேன். இதைச் செய்த பிறகு எனக்கு ஒத்துவரவில்லை என்றால் நிறுத்தித் திரும்ப முடியுமா? இப்போது வேண்டாம் என்று சொன்னால், பிறகு கேட்டால் கிடைக்குமா? முதல் கேள்விக்கு "முடியாது" என்று பதில் வருகிற இடத்தில் மெதுவாகப் போவது, "முடியும்" என்று வருகிற இடத்தில் தைரியமாக ஆரம்பித்துப் பார்ப்பது. என்னைப் பொறுத்தவரை எடைபோடுவது என்றால் இவ்வளவுதான். மற்றதெல்லாம் எண்கள்.

முதலில் வந்ததே திரும்ப முடியாத முடிவுதான்: கட்டியை மட்டும் எடுப்பதா, மார்பகம் முழுவதையும் எடுப்பதா? வீட்டில் வாக்கெடுப்பு நடத்தினால் "முழுசா எடுத்துட்டா நிம்மதி" என்பதுதான் ஒருமனதாக ஜெயித்திருக்கும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த நியாயத்தை வைத்து ஐம்பது வருடத்துக்கு முன்பே ஆய்வு செய்துவிட்டார்கள். அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷரும் இத்தாலியில் உம்பர்ட்டோ வெரோனேசியும் 1970களில் தொடங்கிய இரண்டு ஆய்வுகளின் 20 வருட முடிவுகள் 2002இல் வெளிவந்தன. கட்டியை மட்டும் எடுத்து ரேடியேஷன் கொடுத்த பெண்களும், மார்பகத்தையே எடுத்த பெண்களும் ஒரே அளவில்தான் உயிரோடு இருந்தார்கள். வித்தியாசம் வேறு இடத்தில். மார்பகத்தை வைத்துக்கொண்டால் அதே மார்பில் மறுபடி வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். ஃபிஷரின் ஆய்வில் 20 வருடத்தில் ரேடியேஷன் எடுத்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 14 பேருக்கும், எடுக்காதவர்களில் நூற்றுக்கு 39 பேருக்கும் அப்படி வந்தது. அது பழைய காலத்துக் கணக்கு. இன்றைய மருந்துகளோடு இந்த எண்கள் இன்னும் குறைவு.

இந்த எண்களைப் பார்த்ததும் எனக்குத் தெளிவாகிவிட்டது. கட்டியை மட்டும் எடுத்தால், பிறகு தேவைப்பட்டால் முழுவதையும் எடுக்கலாம். முழுவதையும் எடுத்துவிட்டால் திரும்ப வழியில்லை. உயிருக்கு ஒரே அளவு பாதுகாப்பு என்றால் திரும்ப முடிகிற பாதை. இதில் ஒரு நிபந்தனை உண்டு: ரேடியேஷனுக்கு ஒழுங்காக வருவேன் என்ற உறுதி. அது முடியாதவர்களுக்கும், மார்பில் பல இடங்களில் கட்டி இருப்பவர்களுக்கும், முன்பே அங்கே ரேடியேஷன் வாங்கியவர்களுக்கும் கணக்கு வேறு. ஒவ்வொரு ஸ்கேனுக்கும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போக முடியாது என்பதாலேயே முழுவதையும் எடுத்துக்கொண்ட பெண்ணையும் தெரியும். அவர் முடிவும் தப்பில்லை. எண்கள் சமமாக நிற்கிற இடத்தில் மனசு ஓட்டுப் போடலாம்.

இதற்கு நடுவில் மரபணுப் பரிசோதனை ஒன்று வந்தது. என் அத்தைக்கு, அதாவது அப்பாவின் தங்கைக்கு, சினைப்பைப் புற்றுநோய் இருந்தது. "அது அப்பா வழிதானே" என்று சொல்லாமல் விடப் பார்த்தார் அம்மா. மார்பக, சினைப்பைப் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும் பிஆர்சிஏ மரபணு மாற்றம் அப்பா வழியிலும் அதே அளவு வரும். அது இருந்திருந்தால் இரண்டு மார்பகங்கள், சினைப்பை என்று பேச்சே வேறு திசைக்குப் போயிருக்கும். எனக்கு இல்லை என்று வந்தது. மரபணு மாற்றம் இல்லாதவர்களுக்கு மறுபக்க மார்பில் புதிதாக வரும் வாய்ப்பு ஆண்டுக்கு நூற்றில் அரைக்கும் குறைவு. ஹார்மோன் மாத்திரை அதை மேலும் குறைக்கும். "ரெண்டையும் எடுத்துடலாமா" என்ற கேள்வியை அத்தோடு மூடினேன்.

அக்குளைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அன்றாட வாழ்க்கையில் அதிக நாள் கூட வருவது அதுதான். சென்டினல் நோட் பயாப்ஸி என்று, கட்டியிலிருந்து நிணநீர் முதலில் போய்ச் சேரும் ஓரிரு முடிச்சுகளை மட்டும் எடுத்துப் பார்ப்பார்கள். அக்குள் முழுவதையும் வழித்தெடுத்தால் ஐந்தில் ஒருவருக்குக் கை வீக்கம் வருகிறது. சென்டினல் மட்டும் என்றால் நூற்றில் ஐந்தாறு பேருக்கு. ஓரிரு முடிச்சில் நோய் இருந்தாலும் மார்பகத்தை வைத்துக்கொண்டு ரேடியேஷன் எடுப்பவர்கள் பலருக்கு முழு அக்குளையும் எடுக்கத் தேவையில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. "என் அக்குளில் எத்தனை எடுப்பீர்கள், ஏன்?" என்று ஆபரேஷனுக்கு முன்னாலேயே கேளுங்கள். எடுத்த பிறகு அதைத் திருப்பி வைக்க முடியாது. எனக்கு முடிச்சில் நோய் இல்லை.

இருந்தும் மூன்றாவது வாரத்தில் ஒன்று வந்தது. கையைத் தூக்கினால் அக்குளிலிருந்து முழங்கைப் பக்கமாகத் தோலுக்கு அடியில் வீணைத் தந்தி போல ஒன்று விறைத்து நின்றது. கண்ணுக்கே தெரிந்தது. தலைக்கு மேலே கொடியில் துணி போட முடியவில்லை. நோய்தான் பரவிவிட்டதோ என்று நினைத்தேன். பிசியோதெரபிஸ்ட் பார்த்த உடனே பேர் சொன்னார்: கார்டிங். அக்குள் ஆபரேஷனுக்குப் பிறகு சகஜம், பயிற்சியில் சரியாகும். சுவரில் விரல்களால் மெதுவாக ஏறும் பயிற்சி, நீவிவிடுவது, அவ்வளவுதான். சில வாரங்களில் போய்விட்டது. மேற்கையின் உள்பக்கம் ஒரு உள்ளங்கை அளவுக்கு மரத்த இடம் மட்டும் இன்னும் இருக்கிறது. அந்த வழியாகப் போகும் நரம்பு ஒன்று ஆபரேஷனில் அடிபடுவது வழக்கமாம். அக்குளைச் சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்த்துக்கொண்டே செய்கிறேன், வெட்டினால் தெரியாது என்பதால். "அந்தக் கையால ஒண்ணும் தூக்காதே" என்ற அறிவுரையைப் பல வருடம் கேட்க வேண்டிவரும். 2009இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, மேற்பார்வையில் சிறுகச் சிறுக எடை தூக்கிப் பழகிய பெண்களுக்குக் கை வீக்கம் கூடவில்லை என்று காட்டியது. நான் இப்போது எடை தூக்குகிறேன்.

கீமோ முடிவுக்குத்தான் அதிகம் திணறினேன். முடிச்சில் நோய் இல்லை, கட்டியும் சிறியது. அதனால் கட்டியின் 21 மரபணுக்களைப் பார்த்து 0 முதல் 100 வரை ஒரு எண் கொடுக்கும் ஆன்கோடைப் டிஎக்ஸ் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். 2018இல் டெய்லர்எக்ஸ் என்ற பெரிய ஆய்வின் முடிவு வந்தது. பத்தாயிரம் பெண்களுக்கு மேல் சேர்ந்த ஆய்வு. என்னைப் போன்ற கட்டியோடு 50 வயதைத் தாண்டிய பெண்களுக்கு, எண் 25 வரை இருந்தால் கீமோவால் கூடுதல் நன்மை இல்லை என்று அது காட்டியது. 50க்கு உட்பட்டவர்களுக்கு 16இலிருந்தே ஓரளவு நன்மை தெரிந்தது. என் எண் 27.

இருபத்தேழு! பன்னிரண்டாக இருந்திருந்தால் வேண்டாம் என்றிருப்பேன், நாற்பதாக இருந்திருந்தால் கையைக் காட்டியிருப்பேன். புற்றுநோய் மருத்துவரிடம் கேட்டேன்: "25க்கும் 27க்கும் நடுவுல சுவரா இருக்கு?" அவர் சிரித்தார். "சுவர் இல்லை. ஆய்வுல எங்கேயாவது கோடு போட்டாகணும், போட்டிருக்காங்க" என்றார். அப்புறம் நான் கேட்டதுதான் இந்த முழு அனுபவத்திலும் எனக்கு அதிகம் உதவிய கேள்வி. "என்னை மாதிரி நூறு பேர் கீமோ எடுத்தா, அதனால மட்டும் எத்தனை பேர் தப்பிப்பாங்க?" துல்லியமாகச் சொல்ல முடியாது என்று எச்சரித்துவிட்டு, நான்கைந்து பேர் இருக்கலாம் என்றார். மற்ற தொண்ணூற்றைந்து பேரில் பெரும்பாலானோருக்கு ஆபரேஷன், ரேடியேஷன், மாத்திரை மூன்றுமே போதுமானதாக இருந்திருக்கும். சிலருக்குக் கீமோ எடுத்தும் திரும்ப வரும்.

இதை நூறு பேர் கணக்கில் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. "திரும்ப வரும் வாய்ப்பு 30 சதவீதம் குறையும்" என்று சொன்னால் பிரமாதமாகத் தெரிகிறது. உங்கள் வாய்ப்பு நூற்றில் 40 என்றால் அது 28 ஆகும். பன்னிரண்டு பேருக்கு லாபம். நூற்றில் 10 என்றால் 7 ஆகும். மூன்று பேர்தான். சதவீதம் ஒன்றே, லாபம் நான்கு மடங்கு வித்தியாசம். எந்தச் சிகிச்சையானாலும் மருத்துவரிடம் சதவீதத்தை விட்டுவிட்டு ஆட்களாகச் சொல்லச் சொல்லுங்கள்.

மறுபக்கத் தட்டில் என்ன? டோசிடாக்சல், சைக்ளோபாஸ்பமைடு என்ற இரண்டு கீமோ மருந்துகள், மூன்று வாரத்துக்கு ஒரு முறை, நான்கு சுற்று. இதயத்தைப் பாதிக்கக்கூடிய சிவப்பு மருந்து இதில் இல்லை. முடி கொட்டும். சிலருக்குத் தலைமுடி பழைய அடர்த்திக்கு வராமலே போவதும் உண்டு. விரல் நுனிகள் மரத்துப்போகும், பெரும்பாலும் சரியாகும், எல்லாருக்கும் முழுசாகச் சரியாகாது. தங்கை கேட்டாள்: "அக்கா, எடுக்காம விட்டு நாளைக்கு அது திரும்ப வந்தா, உன்னையே திட்டிக்குவியா?" நல்ல கேள்வி, ஆனால் ஒரு பக்கமாக மட்டும் கேட்டால் எப்போதும் கீமோதான் ஜெயிக்கும். "எடுத்து, கால் மரத்தது மரத்தபடியே நின்னுட்டா?" என்றும் கேட்டுப் பார்த்தேன். விரல் நுனியை நம்பிப் பிழைக்கிற தையல்காரராகவோ வாத்தியக்காரராகவோ இருந்திருந்தால் என் பதில் மாறியிருக்கக்கூடும். எனக்கு முடிவைத் தள்ளியது என்னுடைய இரண்டாவது கேள்வி. கீமோவை ஆபரேஷன் முடிந்து மூன்று மாதத்துக்குள் ஆரம்பித்தாக வேண்டும், அதற்குமேல் தள்ளினால் பலன் குறைகிறது. இப்போது வேண்டாம் என்றால் பிறகு கேட்டுப் பயனில்லை. ஆரம்பித்துவிட்டு ஒத்துவராவிட்டால் நிறுத்தலாம். எடுத்துக்கொண்டேன்.

கீமோ நாட்களைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். எனக்கு யாரும் சொல்லாதவற்றை மட்டும் சொல்கிறேன். டோசிடாக்சலுக்கு முன்னும் பின்னும் கொடுக்கும் டெக்சாமெத்தசோன் ஸ்டீராய்டு இரவைப் பகலாக்கிவிடும். நடுநிசியில் அலமாரியைக் காலிசெய்து அடுக்கிக்கொண்டிருந்தேன். மாலை மாத்திரையைக் கொஞ்சம் முன்னாலேயே போடலாமா என்று மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொண்டேன். வாந்தியை நிறுத்தும் ஒண்டான்செட்ரான் மலச்சிக்கலைக் கொண்டுவரும். மூன்றாம் நாள் வரை காத்திருக்காமல் முதல் நாளே அதற்கும் மருந்து கேளுங்கள். வெள்ளணுவை ஏற்றப் போடும் ஊசியால் இடுப்பெலும்பும் நெஞ்செலும்பும் உள்ளிருந்து இடிப்பது போல வலிக்கும். மருந்து ஏறும் நேரத்தில் உறைய வைத்த கையுறையைப் போட்டுக்கொண்டால் நகம் கழல்வது குறையும். கை விறைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், ஆனால் என் நகங்கள் பிழைத்தன. கால்களுக்குக் கேட்கத் தோன்றவில்லை, கட்டைவிரல் நகங்கள் கறுத்தன.

கண்ணில் நீர் வழிவதை மட்டும் யாருமே சொல்லவில்லை. டோசிடாக்சல் சிலருக்குக் கண்ணீர்க் குழாயைச் சுருக்கிவிடுகிறது. நாள் முழுக்கக் கன்னத்தில் ஈரம். பார்க்க வந்தவர்கள் எல்லாம் நான் அழுகிறேன் என்று நினைத்து என் கையைப் பிடித்துக்கொண்டு அவர்களும் அழுதார்கள். "இல்லீங்க, இது மருந்து" என்று ஆளாளுக்குச் சமாதானம் சொல்வதே தனி வேலையாகிவிட்டது.

காய்ச்சல் விஷயத்தில் மட்டும் சமரசமே கிடையாது. 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட், தொட்டால் காலை வரை பார்ப்போம் என்று படுக்கக்கூடாது. நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வெள்ளணு குறைந்த நேரத்தில் வரும் தொற்று சில மணி நேரத்தில் உயிருக்கு வினையாகும். மருத்துவரைக் கேட்காமல் பாராசிட்டமால் போட்டுக் காய்ச்சலை மறைக்கவும் கூடாது. தெர்மாமீட்டர் தலைமாட்டிலேயே இருக்கட்டும்.

பக்க விளைவை எப்படிச் சொல்ல வேண்டும் என்பதும் ஒரு வித்தைதான். நம் ஊர் உலகத்தில் பெண்கள் "பரவாயில்லை, தாங்கிக்கிறேன்" என்றே சொல்லிப் பழகியிருக்கிறோம். மருத்துவர் அதைக் கேட்டுக் குறிப்பேட்டில் "பிரச்சினை இல்லை" என்று எழுதிக்கொள்வார். அவர்கள் பக்க விளைவுகளை 1 முதல் 5 வரை தரம் பிரிக்கிறார்கள். நரம்பு மரத்துப்போவதில் வீட்டு வேலை, கடை கண்ணி தடைப்பட்டால் 2. குளிப்பது, உடுத்துவது தடைப்பட்டால் 3. மருந்தைக் குறைப்பதா நிறுத்துவதா என்பது இந்த எண்ணை வைத்துத்தான். ஆகவே "கை ஒரு மாதிரி இருக்கு" என்று சொல்லாமல் "சட்டைப் பொத்தான் போட முடியல, கால்ல செருப்பு நழுவினா தெரியல" என்று சொல்லுங்கள். மூன்றாவது சுற்றுக்குப் பிறகு நான் இப்படிச் சொன்னதும் மருத்துவர் நான்காவது சுற்றில் அளவைக் குறைத்தார். குறைத்தால் பலன் போய்விடுமே என்று தயங்கி மறைப்பவர்கள் உண்டு. எவ்வளவு குறைக்கலாம் என்று அவர்களுக்குத் தெரியும், அதை அவர்களிடம் விட்டுவிடலாம்.

ரேடியேஷன் எனக்குச் சுலபமாகவே போனது. மூன்று வாரம், பதினைந்து முறை. அப்புறம் கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் சில நாள் கூடுதல். இடது பக்கம் என்பதால் மூச்சை ஆழமாக இழுத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்வார்கள். நுரையீரல் விரிந்து இதயம் கதிரின் வழியிலிருந்து விலகும். வீட்டிலேயே படுத்தபடி பழகிப் போனால் முதல் நாள் தடுமாற்றம் இருக்காது. ஒரே வாரத்தில் ஐந்து முறையில் முடிக்கும் முறைக்கும் 2020இல் நல்ல முடிவுகள் வந்திருக்கின்றன, தினமும் வந்துபோவது கஷ்டம் என்றால் கேட்டுப் பாருங்கள். 65, 70 வயதைத் தாண்டி, சிறிய கட்டி, ஹார்மோன் மாத்திரை தவறாமல் சாப்பிடுவேன் என்பவர்கள் ரேடியேஷனே இல்லாமல் இருக்க முடியுமா என்றும் கேட்கலாம். அவர்களுக்கு உயிர்வாழ்வில் வித்தியாசம் இல்லை.

இனிதான் விஷயமே. ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாவற்றையும் சேர்த்தாலும் ஒரு வருடம் வராது. லெட்ரோசோல் என்ற ஹார்மோன் மாத்திரை ஐந்து வருடம். சிகிச்சை முடிந்துவிட்டது என்று எல்லாரும் வாழ்த்திவிட்டுப் போன பிறகு தினமும் ஒரு சின்ன மாத்திரை. ஊரில் பாதிப் பேர் அதைச் சிகிச்சையாகவே எண்ணுவதில்லை. இந்த வகைக் கட்டிக்கு இதுதான் முக்கியமான மருந்து, கீமோவைவிட.

முதல் இரண்டு மாதம் ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு நாள் காலையில் கட்டிலிலிருந்து எழுந்தால் குதிகாலும் முழங்காலும் வேறு யாருடையதோ போல இருந்தன. பாட்டில் மூடியைத் திருக முடியவில்லை. மோதிர விரல் மடங்கினால் அப்படியே பூட்டிக்கொண்டது, மறு கையால் பிடித்து இழுத்தால் 'டக்' என்று சத்தத்தோடு நிமிர்ந்தது. பத்து நிமிடம் நடமாடினால் இளகும், ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் மறுபடி இறுகும். உடலில் ஈஸ்ட்ரோஜன் அடியோடு வற்றுவதால் வருவது இது. மூட்டைச் சிதைக்கும் வாதநோய் வேறு, இது வேறு. அதைத் தெரிந்துகொண்டதில் பாதிப் பயம் போனது, வலி போகவில்லை.

மாத்திரையைத் தானாகவே நிறுத்திவிட்டு யாரிடமும் சொல்லாதவர்கள் நிறைய. சொன்னால் திட்டுவார்களோ என்ற கூச்சம். என் மருத்துவர் திட்டவில்லை, கணக்குப் பேசினார். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு லெட்ரோசோல் வகை மாத்திரைகளுக்கும் பழைய டாமாக்சிஃபனுக்கும் உள்ள வித்தியாசம், ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தால், பத்து வருடத்தில் நூறு பெண்களில் இந்த நோயால் இறப்பவர் கணக்கில் இரண்டு பேர்: லெட்ரோசோல் வகையில் 12, டாமாக்சிஃபனில் 14. ஆனால் ஐந்து வருட டாமாக்சிஃபனுக்கும் ஒன்றுமே எடுக்காததற்கும் வித்தியாசம் மூன்றில் ஒரு பங்கு மரணம். "இது ஒத்துவரலைன்னா அது. அதுவும் இல்லாம விடறதுதான் பெரிய நஷ்டம்" என்றார். பின்னால் ஒரு கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்ததும் முன்னால் இருப்பதைப் பொறுத்துக்கொள்ளத் தெம்பு வந்தது. இது திரும்ப முடிகிற முடிவு என்பதை அன்றைக்குத்தான் முழுசாக உணர்ந்தேன்.

செய்ததைச் சொல்கிறேன். அவர் சொன்னபடி இரண்டு மூன்று வாரம் மாத்திரையை நிறுத்தினோம். வலி குறைந்தது, ஆக மருந்துதான் காரணம் என்று உறுதியானது. பிறகு லெட்ரோசோலுக்குப் பதில் எக்செமஸ்டேன். ஒரே குடும்பத்து மருந்தானாலும் ஒருவருக்கு ஒன்று ஒத்துக்கொள்ளும். எனக்குக் குதிகால் தேறியது, விரல்கள் பாதி தேறின. மீதியைக் குறைத்தது உடற்பயிற்சி. வாரம் 150 நிமிடம் வேக நடை, இரண்டு நாள் எடை தூக்கும் பயிற்சி: இதே மாத்திரைகளால் மூட்டு வலி வந்த பெண்களிடம் இந்த அளவைச் சோதித்து, வலி குறைவதைக் காட்டியிருக்கிறார்கள். வலிக்கிற மூட்டோடு எப்படி நடப்பது என்று கேட்பீர்கள். முதல் பத்து நிமிடம் நரகம்தான், அப்புறம் இளகிவிடும். டுலாக்செட்டின் மாத்திரையும் அக்குபங்சரும் சிலருக்கு உதவுகின்றன என்று ஆய்வுகள் உண்டு, எனக்கு அதுவரை போகத் தேவைப்படவில்லை. சோர்வுக்கும் இதே நடைதான் மருந்து. ஓய்வெடுத்துச் சோர்வைப் போக்க முடியும் என்று நம்பிப் படுத்தால் படுக்கையே பழகிவிடும்.

டாமாக்சிஃபனுக்குப் போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. மாதவிடாய் நின்ற பிறகு ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் உடனே சொல்ல வேண்டும், கர்ப்பப்பைப் புற்றுநோய் வாய்ப்பை அது கொஞ்சம் கூட்டும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும் அப்படியே, இரத்தம் உறைந்திருக்கலாம். மன அழுத்தத்துக்கு ஃபுளூவாக்செட்டினோ பராக்செட்டினோ சாப்பிடுகிறவர்கள் அதைச் சொல்லிவிடுங்கள். டாமாக்சிஃபனை உடல் பயன்படுத்தும் வடிவத்துக்கு மாற்றும் நொதியை அவை தடுக்கும். உடம்பு திடீரென்று தகித்து வியர்க்கும் தொல்லைக்கும் மன அழுத்தத்துக்கும் சேர்த்து வென்லாஃபாக்சின் கொடுப்பது அதனால்தான். யாராவது கொடுத்த மூலிகைப் பொடி எதுவானாலும் அதே மாதிரி மருத்துவர் மேஜையில் வைத்துவிடுங்கள்.

எலும்புக்கு வருகிறேன். மாத்திரை ஆரம்பிக்கும் முன்னாலேயே டெக்ஸா ஸ்கேன் எடுத்து எலும்பின் அடர்த்தியைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பிறகு எவ்வளவு குறைந்தது என்று ஒப்பிட அதுதான் ஆதாரம். எனக்கு ஏற்கெனவே கொஞ்சம் குறைவு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை சோலெட்ரானிக் அமிலம் ஏற்றுகிறார்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அது எலும்பில் நோய் பரவுவதையும் ஓரளவு தடுக்கிறது, ஆக ஒரே செலவில் இரண்டு வரவு. முதல் முறை ஏற்றிய அன்று இரவு ஃபுளூ காய்ச்சல் போல உடம்பு முறுக்கியது, அடுத்த முறைகளில் இல்லை. அதற்கு முன்னால் பல் மருத்துவரைப் பார்த்து, பிடுங்க வேண்டிய பல் இருந்தால் பிடுங்கிவிட வேண்டும். இந்த மருந்து உடம்பில் இருக்கும்போது பல் பிடுங்கினால் தாடையெலும்பு ஆறாமல் போகும் அபாயம், அரிதானாலும், உண்டு.

அப்புறம், யாரும் கேட்காத, நாமும் சொல்லாத விஷயம். ஈஸ்ட்ரோஜன் வற்றினால் பிறப்புறுப்பும் வறளும். தாம்பத்தியம் வலிக்கும், சிலருக்கு உட்காரக்கூட எரியும், சிறுநீர்த் தொற்று அடிக்கடி வரும். மூட்டு வலியைப் பற்றி ஆண் மருத்துவரிடம் அரை மணி நேரம் பேசிய நான் இதைச் சொல்ல மாதக்கணக்கில் தயங்கினேன். கடைசியில் நர்ஸிடம் சொன்னேன், அவர் மறுநிமிடமே வழி சொன்னார்: ஹார்மோன் இல்லாத ஈரப்பத ஜெல், வாரத்தில் சில நாள் தவறாமல். உறவு நேரத்துக்கு மட்டும் தடவும் வழுக்கு ஜெல் வேறு, இது வேறு, இரண்டும் தேவைப்படலாம். ஈஸ்ட்ரோஜன் கலந்த கிரீமை மட்டும் கேட்காமல் வாங்காதீர்கள். எக்செமஸ்டேன் மாதிரி மாத்திரை சாப்பிடும்போது அது சரியா என்று புற்றுநோய் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். கணவரிடம் இதைப் பேசியது ஆபரேஷனைப் பற்றிப் பேசியதைவிடக் கடினமாக இருந்தது. "வலிக்குதுன்னு சொல்லியிருக்கலாமே, உனக்கு என்னைப் பிடிக்கலையோன்னு நினைச்சேன்" என்றார்.

இப்போது எனக்கு நான்காவது வருடம். அடுத்த கேள்வி வாசலில் நிற்கிறது: ஐந்தோடு நிறுத்துவதா, நீட்டிப்பதா? ஐந்து வருட ஹார்மோன் சிகிச்சை முடித்த மாதவிடாய் நின்ற பெண்களிடம், அதற்கு மேல் இரண்டு வருடம் போதுமா, ஐந்து வருடம் வேண்டுமா என்று ஆஸ்திரியாவில் ஆராய்ந்து 2021இல் வெளியிட்டார்கள். பலனில் வித்தியாசம் இல்லை, ஐந்து வருடம் எடுத்தவர்களுக்கு எலும்பு முறிவு மட்டும் கூடுதல். ஆக என் முன்னால் இருப்பது பூஜ்யமா, இரண்டா என்பதுதான். பத்து வருடம் என்ற பேச்சுக்கு இடமில்லை. முடிச்சில் நோய் இல்லாத எனக்கு அந்த இரண்டு வருடத்தால் நூற்றில் எத்தனை பேருக்கு லாபம் என்று கேட்டு வைத்திருக்கிறேன். பதில் சொல்வதற்கு முன்னால் மருத்துவர் புது டெக்ஸா ஸ்கேன் கேட்டிருக்கிறார். எலும்பு அடர்த்தியைச் சொல்லும் டி ஸ்கோர் மைனஸ் 2.5க்குக் கீழே போயிருந்தால் கணக்கை வேறு விதமாகப் போட வேண்டியிருக்கும். ஸ்கேன் அடுத்த மாதம்.